சின்ன அறையில் ஸ்பீக்கர்: என்ன கோளாறு, எதை நகர்த்துவது?

நல்ல ஸ்பீக்கர் வாங்கி வந்து, அறையில் வைத்து, ஆசையாக உட்கார்ந்து கேட்டால் சில நாளில் ஒரு சந்தேகம் தொடங்கும். கடையில் கேட்டபோது இப்படி இல்லையே? எனக்கும் அது வந்தது. ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். வயரை மாற்றினேன். கடைசியில் கோளாறு தீர்ந்தது, நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டபோது. செலவழித்த காசை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

அதனால் இங்கே எதையும் வாங்கச் சொல்லப்போவதில்லை. கோளாறு காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதிலிருந்து தொடங்கி, எதை எந்த வரிசையில் நகர்த்திப் பார்ப்பது என்று சொல்கிறேன். கணக்குக்காக 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை வைத்துக்கொள்வோம். உங்கள் அறையின் அளவைப் போட்டால் எண்கள் மாறும், வழி மாறாது.

தொடங்கும் முன்

ஓர் இஞ்ச் டேப், தரையில் அடையாளம் ஒட்ட மாஸ்கிங் டேப், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். அப்புறம் மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பாட்டுகள். ஒன்றில் பாடுபவரின் குரல் நட்டநடுவில் தனியாக நிற்க வேண்டும். இன்னொன்றில் பேஸ் கிட்டார் ஒரே சுரத்தில் நிற்காமல் படியேறி இறங்க வேண்டும். மூன்றாவது, பழைய மோனோ பதிவு (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது) ஏதாவது ஒன்று. இது மூன்றிலும் அதிகம் உதவும்.

இப்போது ஸ்பீக்கரும் நாற்காலியும் இருக்கிற இடத்தை முதலில் தரையில் குறித்துவிடுங்கள். நாலு தடவை நகர்த்திய பிறகு 'முதலில் இருந்ததே பரவாயில்லை' என்று தோன்றும்; அப்போது திரும்பிப் போக வழி வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வால்யூமைத் தொடாதீர்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது 'ஆஹா' என்று ஏமாந்துவிடும்.

ஆரம்ப அமைப்பு: ஸ்பீக்கர்கள் குறுகிய சுவரின் பக்கம், நீளவாக்கில் பார்த்தபடி. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் மூன்று பக்கமும் சமமான முக்கோணம், பக்கத்துக்கு 1.8 மீட்டர் வைத்துத் தொடங்கலாம். ட்வீட்டர் (பெட்டியில் மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) நீங்கள் உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில். இது முடிவு அல்ல, புறப்படும் இடம்.

குரல் நடுவில் நிற்கவில்லை

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை: குரல் எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாது. மங்கலாகப் பரவி, தலைக்குள் எங்கோ மிதப்பதுபோல இருக்கும். பேஸும், அதாவது தாழ்ந்த ஒலியும், மெலிந்து கிடக்கும். இப்படிக் கேட்டால் இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறி மாட்டியிருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பீக்கரின் முனைகளை மாற்றி மாட்டி, மோனோ பாட்டைப் போடுங்கள். எந்த மாட்டலில் குரல் நடுவில் கெட்டியாக வந்து நிற்கிறதோ, பேஸ் திரும்புகிறதோ, அதுதான் சரி. அறையைப் பற்றிப் புலம்புகிற எத்தனையோ பேருக்கு உண்மையான கோளாறு இந்த இரண்டு முனைகளில்தான். அவமானமாக நினைக்க வேண்டாம், எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்போம்.

இரண்டாம் வகை: குரல் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. இதற்கு இஞ்ச் டேப்பை எடுங்கள். ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் உங்கள் மூக்கு நுனிவரை அளங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் அருகில் இருந்தால், அந்தப் பக்கத்து ஒலி 0.3 மில்லி விநாடி முந்திவிடும். அவ்வளவுதானே என்று தோன்றும்; குரலை ஒரு பக்கம் இழுக்க அது தாராளமாகப் போதும். இரு தூரங்களும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகும்வரை விடாதீர்கள்.

தூரம் சமம், ஆனாலும் சாய்கிறதா? கருவியின் குற்றமா, அறையின் குற்றமா என்று பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மோனோ பாட்டை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குள் வரும் இடது, வலது வயர்களை மாற்றிச் சொருகுங்கள். சாய்வு அடுத்த பக்கம் தாவினால், பாட்டு வருகிற கருவியில் அல்லது அந்த வயரில் கோளாறு. தாவவில்லை என்றால், ஸ்பீக்கர்கள் இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். இப்போது தாவினால் ஸ்பீக்கரில் ஒன்று சத்தம் குறைவு. அப்போதும் அசையவில்லை என்றால் அநேகமாக அறைதான். ஆம்ப்ளிஃபையரின் பேலன்ஸ் திருகு நடுவில்தான் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அறை என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் திறந்த கதவு என்ற நிலைமை. சுவர்ப் பக்கம் ஒலி எகிறித் திரும்புகிறது, கதவுப் பக்கம் வெளியே போய்விடுகிறது. கதவைச் சாத்திப் பாருங்கள். அது முடியாத அறை என்றால், சுவர்ப் பக்கத்து எதிரொலியைத் தடித்த திரைச்சீலையால் அடக்கலாம்.

ஒரே ஒரு பேஸ் சுரம் மட்டும் குமுறுகிறது

சின்ன அறையின் ஆதி வியாதி இது. பேஸ் கிட்டார் இறங்கி வரும்போது மற்றச் சுரங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஒன்று மட்டும் 'கும்ம்ம்' என்று பூதாகரமாக எழுந்து, பாட்டு அடுத்த வரிக்குப் போன பிறகும் அடங்காமல் நிற்கும்.

காரணம் சுவர்களுக்கு நடுவே உள்ள தூரம். எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியில் பாதி அலை சரியாகப் பொருந்துகிற அதிர்வெண் எதுவோ, அதை அறை பிடித்துக்கொள்ளும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தில் பாதியான 171-ஐ மீட்டர் அளவால் வகுத்தால் ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை அதிர்வு) வரும். நம் அறையில் நீளத்துக்கு 43, அகலத்துக்கு 57, உயரத்துக்கு 63. பிறகு அவற்றின் மடங்குகள்: 86, 114 என்று போகும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த தந்தியை வெறுமனே மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், முதல் கட்டையில் விரல் வைத்தால் 43.7. ஆக, இந்த அறை வாசிப்பவரைக் கேட்காமலே அந்தச் சுரத்தை ஊதிப் பெருக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறைக்காரர்கள் பாவம். இரண்டு குமுறலும் ஒரே அதிர்வெண்ணில் ஏறி உட்காரும்.

உங்கள் அறையில் எது என்று கண்டுபிடிக்க, ஒற்றை அதிர்வெண் எழுப்பும் செயலி ஏதாவது போதும். 30-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள், மிதமான சத்தத்தில். குமுறும் இடத்தின் எண்ணைக் குறியுங்கள். 171-ஐ அந்த எண்ணால் வகுத்தால் எந்தச் சுவர் ஜோடி என்று மீட்டரில் வந்து நிற்கும்.

இப்போது நகர்த்த வேண்டியது ஸ்பீக்கரை அல்ல, நாற்காலியை. இந்த அலைகள் எல்லாமே சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டிருந்தால், அறையின் எல்லாக் குமுறலையும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தச் சுரத்தை ஓடவிட்டபடியே, ஒரு ஜாண் ஒரு ஜாணாக முன்னே வாருங்கள். குமுறல் படிப்படியாக இறங்குவது கேட்கும்.

அப்படியே அறையின் மையம்வரை வந்துவிடாதீர்கள். மையத்தில் 43 ஹெர்ட்ஸ் சுத்தமாகக் காணாமல் போகும். ஒரு குறையைத் தீர்த்து இன்னொன்றை விலைக்கு வாங்கியதாகும். அறையின் நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு பழைய கைக்கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. நம் அறையில் ஒரு சுவரிலிருந்து 1.5 மீட்டர். அங்கே தொடங்கி முன்னும் பின்னும் ஒரு ஜாண் தேடினால் போதும். நூல் பிடித்து அங்கேயே உட்கார வேண்டும் என்பதில்லை.

நாற்காலி சரியான பிறகுதான் ஸ்பீக்கர். மூலையில் இருந்தால் வெளியே இழுங்கள். மூலை என்பது இரண்டு சுவரும் தரையும் கூடும் இடம், அங்கே பேஸ் பெருகத்தான் செய்யும். அகலவாக்கில் இரண்டு ஸ்பீக்கரையும் மையக் கோட்டிலிருந்து சம தூரத்தில் வைத்தால், இரண்டிலும் ஒரே பேஸ் ஒலிக்கும்போது அகலத்தின் 57 ஹெர்ட்ஸ் அலையை ஒன்று தள்ள மற்றது இழுக்கும். அந்தத் தொல்லை தானாகவே அடங்கும். சின்ன அறை நமக்குத் தரும் சில இலவசங்களில் ஒன்று.

ஸ்பீக்கரின் பின்னாலோ முன்னாலோ பேஸுக்கான ஓட்டை இருந்தால், அதில் ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டித் திணித்துப் பாருங்கள். துவைத்த சாக்ஸாக இருந்தால் நல்லது. அடிமட்ட பேஸ் கொஞ்சம் குறையும், இறுக்கம் கூடும். எனக்குப் பிடித்திருந்தது, இன்னும் எடுக்கவில்லை.

பேஸுக்கென்று தனியாக சப்வூஃபர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான வழி. சப்வூஃபரைத் தூக்கி உங்கள் நாற்காலியின் மேல் வையுங்கள். பேஸ் பாட்டைப் போட்டுவிட்டு, அதை வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குத் திரும்பலாம். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் மாறினாலும் இடையிலுள்ள பாதை ஒன்றுதான், அதனால் இது பலிக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் இதற்கு மருந்து ஆகாது. 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர். இரண்டு விரற்கடை ஃபோமை அது கண்டுகொள்ளாது.

பேஸே இல்லை

முதலில், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள்? சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள்தான் முதலில் மங்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து வெளியிட்டார்கள். இரவில் மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு பேஸ் போதவில்லை என்றால் அது ஸ்பீக்கரின் குற்றமில்லை.

சத்தம் போதுமானதாக இருந்தும் பேஸ் இல்லையா? பாட்டை ஓடவிட்டு எழுந்து நடங்கள். பின்சுவர் அருகே போனால் பேஸ் கொட்டுகிறது, நாற்காலிக்கு வந்தால் காணோம் என்றால், நாற்காலி பள்ளத்தில், அதாவது அந்த ஒலி அடங்கிப்போகும் இடத்தில், கிடக்கிறது. மேலே சொன்னபடி அதை நகர்த்துங்கள். நம் அறையில் இரண்டு பள்ளங்கள் முக்கியம்: மையத்தில் 43 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு குறுகிய சுவரிலிருந்தும் 1 மீட்டரில் 86 ஹெர்ட்ஸ்.

அறை முழுக்க எங்கே நின்றாலும் ஒரே மாதிரி மெலிந்திருந்தால், ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரைச் சுற்றிப் பின்னாலும் போகிறது, சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தத் தூரம் கால் அலைக்குச் சமமாக இருக்கும் அதிர்வெண்ணில், திரும்பி வந்தது நேரே வருவதை அடித்துவிடும். வூஃபர் (பெட்டியில் பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) சுவரிலிருந்து 1 மீட்டரில் இருந்தால் 86 ஹெர்ட்ஸ் அடிபடும், 60 சென்டிமீட்டரில் 143, 30 சென்டிமீட்டரில் 286.

'ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே இழு' என்று எங்கும் சொல்வார்கள். பெரிய அறைக்கு அது சரி. 4 மீட்டர் அறையில் 1 மீட்டர் இழுத்தால் பள்ளம் நேராக பேஸின் வயிற்றில் வந்து விழுகிறது, உட்காரவும் இடம் மிஞ்சாது. என் அனுபவத்தில், சின்ன அறையில் பின்சுவரை நெருங்கித் தள்ளுவதே மேல். பள்ளம் மேலே ஏறிவிடும், அங்கே பின்னால் போகும் ஒலியும் குறைவு. கூடுதலாக வரும் பேஸை டோன் திருகாலோ சாக்ஸாலோ குறைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு ஜாணாவது இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, வூஃபரிலிருந்து தரைக்கும், பக்கச் சுவருக்கும், பின்சுவருக்கும் உள்ள மூன்று தூரங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றாக இருந்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து கிணறாகிவிடும்.

ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். மேட்டை ஈக்வலைசரால் சீவலாம்; பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்களோ, திரும்பி வந்து அடிப்பதும் அவ்வளவு ஏறும். வூஃபர்தான் திணறும்.

குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது

ஸ்பீக்கர் மேசைமேல் இருக்கிறதா? அல்லது புத்தக அலமாரியில் உள்ளே தள்ளி? இரண்டிலும் பக்கத்துப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒலி, நேராக வரும் ஒலியைவிடக் கொஞ்சம் பிந்தி வந்து சேர்கிறது. அந்தச் சுற்றுவழி 17 சென்டிமீட்டர் நீளம் என்றால் 1000, 3000, 5000 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பற்கள்போல இடைவெளி விட்டுப் பள்ளம் விழும். மனிதக் குரலின் தெளிவு இருப்பது அந்தப் பகுதியில்தான்.

ஒரு தடித்த போர்வையை மடித்து, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் மேசைமேல் போடுங்கள். குரல் சட்டென்று தெளிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. போர்வையோடு காலம் தள்ள முடியாது என்பதால், ஸ்பீக்கரை மேசையின் முன்விளிம்புக்கு இழுங்கள், அல்லது ஸ்டாண்டில் ஏற்றி மேசைக்குப் பின்னால் வையுங்கள். அலமாரியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஸ்பீக்கரின் முகம் பலகை விளிம்புக்கு வெளியே ஒரு விரலாவது நீட்டிக்கொண்டு இருக்கட்டும்.

காதில் குத்துகிறது

'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் சீறுகிறது, அரை மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது. முதல் சோதனை இலவசம்: இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் காதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். ட்வீட்டரின் ஒலி நேர்க்கோட்டில்தான் கூர்மை, விலகினால் மென்மையாகும். ஒவ்வொரு தடவையும் மிகச் சின்னத் திருப்பம், இரண்டிலும் ஒரே அளவு, பிறகு ஒரு பாட்டு முழுக்கக் கேட்பது. தோள்பட்டைக்குச் சற்று வெளியே பார்ப்பதுபோல வைத்தால் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இணக்கமாகிவிடுகின்றன.

அதில் தீரவில்லை என்றால் அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பளீரென்று கைதட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று உலோகத் தகட்டை உலுக்கியதுபோல ஒரு வால் நீண்டால், வெறும் சுவர்கள் இரண்டு ஒன்றுக்கொன்று பந்து எறிந்து விளையாடுகின்றன. இரண்டில் ஒன்றை மூடினாலே ஆட்டம் நின்றுவிடும். எங்கே மூடுவது என்பதற்குக் கண்ணாடி: நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். அதில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் ஒலி தெறிக்கும் இடம். அங்கே திரையோ, புத்தகம் தாறுமாறாக அடுக்கிய அலமாரியோ வரட்டும். தரைக்கு ஒரு ஜமுக்காளம்.

அளவோடு நிறுத்துங்கள். சுவரெல்லாம் மூடிவிட்டால் மேல் ஒலிகள் மட்டும் செத்து, பேஸ் அப்படியே நிற்கும். அறை மூச்சுமுட்டுவதுபோல ஆகிவிடும். நான் அந்த எல்லைக்குப் போய்விட்டு, ஒட்டியதில் பாதியைப் பிய்த்தேன்.

நடுவில் ஓட்டை, அல்லது எல்லாம் ஒரே குவியல்

இசை இரண்டு பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு நடுவில் வெறுமையாக இருந்தால், ஸ்பீக்கர்கள் அதிகம் விலகி இருக்கின்றன. நெருக்குங்கள், அல்லது கொஞ்சம் உள்பக்கம் திருப்புங்கள். வாத்தியங்கள் எல்லாம் நடுவில் குவிந்து கிடந்தால் விலக்குங்கள். ஒரு கை அளவு விலக்கிக்கொண்டே போய், நடுக்குரல் மெலியத் தொடங்கும் நொடியில் நின்று, கொஞ்சம் திரும்ப நெருக்குவது என் வழக்கம்.

எங்கோ கடகடவென்று சத்தம்

இது ஸ்பீக்கர் கிழிந்த சத்தம்போலவே இருக்கும், பெரும்பாலும் இல்லை. அதே அதிர்வெண் செயலியில் 30-லிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் எழும் எண்ணில் நிறுத்திவிட்டு, அறையில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் கையை வைத்துக்கொண்டு போங்கள்: ஜன்னல் கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள், சுவரில் மாட்டிய படம், விளக்கின் மூடி. கை வைத்ததும் எது அடங்குகிறதோ அதற்கு ஒரு துண்டு ஃபெல்ட். என் அறையில் இரண்டு வாரம் தேடியது கடைசியில் மேசை இழுப்பறையில் கிடந்த சாவிக்கொத்து.

அளந்து பார்க்க ஆசையா?

காதுக்குத் திருப்தி வந்த பிறகு அளப்பது நல்லது, முன்னால் அல்ல. வரைபடம் கண்ணில் பட்டுவிட்டால் காது கேட்பதை நிறுத்திவிடும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருளை இலவசமாகவே பயன்படுத்தலாம். யூஎஸ்பியில் சொருகும் அளவீட்டு மைக் ஒன்று இருந்தால் மேலும் நம்பகம். கைப்பேசியின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, அடிமட்ட பேஸை அது பெரும்பாலும் வெட்டிவிடும். அதில் தெரியும் பள்ளத்தை நம்பி நாற்காலியைத் தூக்காதீர்கள்.

மைக்கை உங்கள் தலை இருக்கும் இடத்தில் வைத்து ஒரு தடவை, பக்கத்துக்கு ஒரு ஜாண் தள்ளி இரண்டு தடவை அளங்கள். மூன்றிலும் தெரிகிற மேடு பள்ளத்தைத்தான் பொருட்படுத்த வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிவது, நீங்கள் தலையைத் திருப்பினாலே மாறிவிடும்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு தரையில் ஒட்டிய பழைய டேப்களைக் கிழித்துவிட்டு, கடைசி இடத்தை மட்டும் விட்டுவையுங்கள். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் சேர்த்து. அடுத்த தடவை அறையைப் பெருக்குகிறவர் அதைத்தான் முதலில் நகர்த்துவார்.